பற்றவைக்கும் முன் உலோகத்தைக் கேளுங்கள்

செம்பனைத் தோட்டத்தில் பழம் வெட்டும் ஒருவர் பட்டறைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையில் நடுவில் மடங்கிப்போன அலுமினியக் கம்பு. மறு கையில் கழுத்துப் பக்கம் விரிசல் விட்ட அரிவாள். "கிளிப்பு அடிக்கடி லூசாப் போகுது சார். ரெண்டையும் சேர்த்து ஒரேடியா வெல்டிங் வச்சுக் குடுத்திடுங்க" என்கிறார். பக்கத்தில் நிற்கும் மாணவன் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி என்னவாக இருக்கும்? "எத்தனை ஆம்பியர் வைக்கணும் சார்?"

ஆம்பியர் முக்கியம்தான். ஆனால் அது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ கேட்க வேண்டிய கேள்வி. முதலில் கேட்க வேண்டியது, "இது என்ன உலோகம்?" அதற்குப் பதில் தெரியாமல் மின்வில்லைக் கொளுத்தினாலும் கோடு அழகாகவே விழலாம். மறுநாள் விரிசல் விடும். இல்லாவிட்டால் பற்றவைத்தவரே காய்ச்சலில் படுப்பார். எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் மாணவர்கள் தடுமாறுவது இங்கேதான். எந்தக் கம்பி என்று சரியாகச் சொல்லிவிடுவார்கள். "ஏன் அந்தக் கம்பி?" என்று கேட்டால் அமைதி.

அந்த அரிவாளுக்கும் கம்புக்கும் பிறகு வருவோம்.

காந்தம், அரம், தீப்பொறி

பட்டறைக்கு வரும் பழைய இரும்பில் பெயர் எழுதி ஒட்டியிருக்காது. ஆனாலும் ஒரு காந்தம், ஒரு அரம், ஒரு கிரைண்டர் இருந்தால் பெரும்பாலானவற்றை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் தூக்கிப் பாருங்கள். அலுமினியம் அதே அளவு இரும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். அடுத்து காந்தம். சாதாரண மென்னெஃகிலும் வார்ப்பிரும்பிலும் பலமாக ஒட்டும். அலுமினியம், செம்பு, பித்தளையில் ஒட்டாது. துருப்பிடிக்காத எஃகில்தான் மாணவர்கள் ஏமாறுவார்கள். 304 எனப்படும் பொதுவான வகையில் காந்தம் ஒட்டாது. வளைத்த இடத்தில் மட்டும் லேசாக ஒட்டலாம். 430 வகையில் நன்றாகவே ஒட்டும், அதுவும் துருப்பிடிக்காத எஃகுதான். ஆகவே "காந்தம் ஒட்டினா சாதா இரும்பு" என்று விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள்.

மூன்றாவது தீப்பொறி. கிரைண்டரில் லேசாக உரசினால் மென்னெஃகு நீளமான, வெளிர்மஞ்சள் கோடுகளாகப் பொறி விடும். கரி அதிகமுள்ள எஃகு, கல்லுக்கு அருகிலேயே மத்தாப்பூப் போல நட்சத்திரமாக வெடிக்கும். வார்ப்பிரும்பின் பொறி குட்டையாக, மங்கிய சிவப்பில் இருக்கும். அலுமினியமும் செம்பும் பொறியே விடா. அவற்றை இரும்புக்கான கல்லில் வைக்கவும் கூடாது. மென்மையான உலோகம் கல்லின் துளைகளை அடைத்துவிடும். அடைபட்ட கல் சூடேறி உடைந்து தெறிக்கலாம். எடையிலேயே அலுமினியம் என்று தெரிந்துவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. ஆறு வகைத் துண்டுகளுக்கு எண் போட்டு ஒரு பெட்டியில் வைத்து, மாணவர்களை இருவர் இருவராக அடையாளம் காணச் சொல்லுங்கள். ஒரு பாடவேளை போதும். மலாய்ச் சொல்லையும் கூடவே எழுதப் பழக்குங்கள்: மென்னெஃகு 'கெலுலி லெம்புட்', வார்ப்பிரும்பு 'பெசி துவாங்', துருப்பிடிக்காத எஃகு 'கெலுலி தாஹான் காராட்'. தேர்வுத்தாளில் அந்தப் பெயரைப் பார்த்துத் திகைக்காமல் இருக்கும்.

உலோகம் தெரிந்துவிட்டால் அதனிடம் இன்னும் மூன்று கேள்விகள் கேட்கலாம். சூடு இதில் எவ்வளவு வேகமாக ஓடும்? இதன் மேல் என்ன தோல் இருக்கிறது? குளிரும்போது இது என்ன ஆகும்? இனி சொல்லப்போகும் நுணுக்கம் எல்லாம் இந்த மூன்றில் ஒன்றிலிருந்து வருவதுதான். பட்டியலாக மனப்பாடம் செய்தால் தேர்வு அறையில் மறந்துவிடும். இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டால் யோசித்தே எழுதிவிடலாம்.

சாதா இரும்பும் அதன் முரட்டு அண்ணனும்

மென்னெஃகு பொறுமைசாலி. கரி 0.25 விழுக்காட்டுக்கும் குறைவு. சூடு மிதமாக ஓடும், தோல் கம்பித் தூரிகைக்குப் போய்விடும், குளிர்ந்தாலும் பெரிதாக இறுகாது. அதனால்தான் எல்லாரும் இதில் பழகுகிறோம். இ6013 கம்பி, 2.6 மில்லிமீட்டர் என்றால் 60 முதல் 90 ஆம்பியர், 3.2 என்றால் 90 முதல் 130 என்று தொடங்கலாம். கம்பிப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவே இறுதியானது.

அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது. இ6013 என்பதில் 60 என்றால் பற்றின் இழுவலிமை ஒரு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. அடுத்துள்ள 1, எல்லா நிலைகளிலும் பற்றவைக்கலாம் என்பது. கடைசி இரண்டு இலக்கங்களைச் சேர்த்துப் பார்த்தால் பூச்சின் வகையும் மின்னோட்டத்தின் வகையும் தெரியும். இ7018 என்றால் 70,000 பவுண்டு, ஹைட்ரஜன் குறைந்த பூச்சு.

இந்த 7018 கம்பியை நம் ஊர்ப் பட்டறைகளில் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. பெட்டியைப் பிரித்து மேசை மேல் போட்டுவிட்டு இரண்டு வாரம் கழித்து எடுப்பார்கள். நம் காற்றில் உள்ள ஈரத்தைப் பூச்சு உறிஞ்சிக்கொள்ளும். பற்றவைக்கும் சூட்டில் அந்த நீர் ஹைட்ரஜனாகப் பிரிந்து உருகிய எஃகுக்குள் போகும். விரிசல் அப்போதே தெரியாது, ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும். ஹைட்ரஜன் குறைவு என்று காசு கூடக் கொடுத்து வாங்கிய கம்பியை ஈரத்தில் போட்டு வைத்தால் அந்தக் காசு வீண். பிரித்த கம்பியை 120 பாகை செல்சியஸ் அளவில் கம்பி அடுப்பில் வைத்திருக்க வேண்டும். அடுப்பு இல்லாத பட்டறை, நனைந்த 7018-ஐ நம்புவதைவிடச் சாதாரண வேலைக்குக் காய்ந்த 6013 வைத்துக்கொள்வதே மேல் என்பது என் கருத்து.

இப்போது முரட்டு அண்ணன். லாரி விசைத்தகடு, உளி, பாராங்கத்தி, அறுவடை அரிவாள் எல்லாம் கரி அதிகமுள்ள எஃகு. விசைத்தகட்டில் ஏறக்குறைய 0.6 விழுக்காடு கரி இருக்கும். மூன்றாவது கேள்வியைக் கேளுங்கள்: குளிரும்போது என்ன ஆகும்? பற்றவைத்த கோட்டின் இருபக்கமும் செந்நிறமாகச் சூடான பகுதியை, அடுத்திருக்கும் குளிர்ந்த எஃகே சட்டென்று குளிரவைத்துவிடும். தண்ணீரில் முக்கியது போலத்தான். அங்கே மார்ட்டென்சைட் என்ற, கண்ணாடி போல இறுகிய அமைப்பு உருவாகிறது. கோடு பலமாக இருக்கும். கோட்டுக்கு அரை சென்டிமீட்டர் தள்ளிப் 'படக்'கென்று உடையும்.

முன்சூடு கொடுத்து, மெதுவாகக் குளிரவைத்து, பிறகு மறுபடி பதப்படுத்தி இதைச் செய்ய முடியும். ஆனால் மாணவர்களிடம் நான் சொல்வது: விசைத்தகடு, பாரம் தூக்கும் கொக்கி, தலைக்கு மேல் வேலை செய்யும் அரிவாள், இந்த மூன்றையும் பற்றவைக்காதீர்கள். அந்தத் தோட்டத்துக்காரரின் அரிவாள் அவர் தலைக்கு மேல் பத்து மீட்டர் உயரத்தில் மட்டையை வெட்டப்போகிறது. விரிசல் விட்டதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கச் சொல்வதும் பட்டறைக்காரரின் வேலையில் ஒரு பகுதிதான்.

துருப்பிடிக்காத எஃகு துருப்பிடிப்பது ஏன்?

கடலோரக் கோவிலில் புதிதாகப் போட்ட கைப்பிடிக் கம்பிகளைப் பாருங்கள். கம்பி பளபளவென்று இருக்கும், பற்றவைத்த மூட்டைச் சுற்றி மட்டும் செம்பழுப்பு வளையம். "சார், கடைக்காரன் ஏமாத்திட்டான், இது டூப்ளிகேட்" என்பார்கள். பல சமயம் தவறு பற்றவைத்தவருடையது.

இந்த எஃகு துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் குரோமியம். 304 வகையில் அது ஏறக்குறைய 18 விழுக்காடு, நிக்கல் 8 விழுக்காடு. குரோமியம் காற்றுடன் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடுத் தோலைப் போர்த்திக்கொள்கிறது. எஃகை ஏறக்குறைய 425 முதல் 850 பாகை வரையுள்ள சூட்டில் நெடுநேரம் வைத்திருந்தால், உள்ளே இருக்கும் கரி குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும். துகள் எல்லைகளில் குரோமியம் குறைந்துவிடும். தோல் போட ஆள் இல்லை, துரு பிடிக்கிறது. இதற்குத்தான் கரி 0.03 விழுக்காட்டைத் தாண்டாத 304எல் தகடும் 308எல் கம்பியும். அந்த 'எல்' எழுத்தை விடைத்தாளில் விட்டுவிடாதீர்கள், அதற்கு மதிப்பெண் உண்டு.

சூடு இதில் மெதுவாக ஓடும், மென்னெஃகில் ஓடுவதில் மூன்றில் ஒரு பங்கு வேகம்தான். ஆனால் விரிவதோ ஒன்றரை மடங்கு. சூடு ஒரே இடத்தில் தங்குகிறது, தங்கிய இடம் அதிகமாக விரிகிறது; தகடு ஒரு பக்கமாக இழுத்துடும். அதனால் மென்னெஃகுக்கு வைப்பதைவிட ஆம்பியரைப் பத்து இருபது விழுக்காடு குறையுங்கள். புள்ளிப் பற்றுகளை நெருக்கமாக வையுங்கள். ஒரே மூச்சில் கோட்டை இழுக்காமல் இடம் மாறி மாறிப் போடுங்கள்.

குழாய் என்றால் உள்பக்கத்தையும் நினைக்க வேண்டும். வெளியே ஆர்கன் வாயு காக்கிறது. உள்ளே காற்றுபட்டு அடிப்பக்கம் கருத்து, கருகிய சர்க்கரைப் பாகு மாதிரி பொரிந்துவிடும். பால், தண்ணீர் போகும் குழாயில் அந்தப் பொரிவில்தான் அழுக்கும் கிருமியும் தங்கும். இரு முனையையும் அடைத்து உள்ளேயும் ஆர்கன் விடுங்கள். முடிந்ததும் கோட்டின் நிறத்தைப் பாருங்கள். வைக்கோல் நிறம் நல்லது, நீலம் கொஞ்சம் சூடு அதிகம், சாம்பலோ கறுப்போ வந்தால் பாதுகாப்புத் தோல் போய்விட்டது.

இன்னொன்று. சாதா இரும்பைத் தேய்த்த கம்பித் தூரிகையால் இதைத் தேய்க்காதீர்கள். இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு அதுவே துருவாகும். துருப்பிடிக்காத எஃகுக்கென்று தனித் தூரிகை, அதன் கைப்பிடியில் சிவப்பு நாடா. எங்கள் பட்டறையில் சிவப்பு நாடாத் தூரிகையை வேறெதற்கும் எடுத்தவர் அன்று பட்டறையைக் கூட்ட வேண்டும்.

வெள்ளைப் புகை

இதை விளக்க என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், விளையாட்டுப் போட்டிக்குப் பூப்பந்து வலைத் தூண் செய்ய வேண்டியிருந்தது. துத்தநாகம் பூசிய குழாய்கள், அதாவது ஜி.ஐ. பைப், வந்து இறங்கின. மாலைக்குள் முடிக்க வேண்டும். படிவம் ஐந்து முடித்துவிட்டு வந்த கெட்டிக்கார மாணவன் ஒருவனிடம் ஒப்படைத்தேன். பூச்சைத் தேய்த்து எடுக்கச் சொல்ல மறந்துவிட்டேன். மழை பெய்ததால் அவன் கதவையும் சாத்திக்கொண்டான்.

வேலை பிரமாதமாக முடிந்தது. இரவு பத்து மணிக்கு அவன் அம்மா அழைத்தார். "சார், புள்ளைக்குக் குளிர் காய்ச்சல், உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. வாயெல்லாம் இரும்பு ருசியா இருக்குங்கிறான். டெங்கியா இருக்குமோன்னு பயமா இருக்கு." அந்த 'இரும்பு ருசி' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லி நானும் போனேன். வெல்டிங் செய்ததை மருத்துவரிடம் சொன்ன பிறகுதான் அவருக்கும் தெளிவானது. இரண்டு நாளில் அவன் எழுந்துவிட்டான்.

நடந்தது இதுதான். துத்தநாகம் 420 பாகையில் உருகி 907 பாகையில் கொதிக்கும். எஃகு உருகுவதற்கு 1,500 பாகை அளவு வேண்டும். எஃகு உருகும் முன்பே துத்தநாகம் ஆவியாகிக் காற்றில் கலந்து, துத்தநாக ஆக்சைடு என்ற வெள்ளைப் புகையாக மாறுகிறது. அதைச் சுவாசித்தால் நான்கு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துக் குளிர், காய்ச்சல், உடல்வலி, தாகம். உலோகப் புகைக் காய்ச்சல் என்று இதற்குப் பெயர். பெரும்பாலும் ஓரிரு நாளில் தணியும். தினமும் சுவாசிப்பவருக்கு உடல் கொஞ்சம் பழகிவிடும். வார விடுமுறையில் அந்தப் பழக்கம் போய், திங்கட்கிழமை மறுபடி அடிக்கும். ஆங்கிலத்தில் இதைத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்று சொல்வதும் உண்டு. பழகிப்போச்சு என்பது பாதுகாப்பு இல்லை.

"பால் குடிச்சிட்டு வெல்டிங் பண்ணினா ஒண்ணும் ஆகாது" என்று பட்டறை அண்ணன்மார் சொல்வார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. மூட்டின் இருபுறமும் குறைந்தது ஐந்து சென்டிமீட்டருக்குப் பூச்சைத் தேய்த்து எடுங்கள். தேய்க்கும்போதும் தூசு பறக்கும், அப்போதும் முகமூடி வேண்டும். குழாயின் உள்பக்கத்திலும் பூச்சு இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். கதவு திறந்திருக்கட்டும், புகை உங்கள் முகத்தைத் தாண்டிப் போகாதபடி பக்கவாட்டில் நின்றுகொள்ளுங்கள். மருத்துவ முகக்கவசம் இந்தப் புகையைத் தடுக்காது, குறைந்தது என்95 தரம் வேண்டும். வேலை முடிந்ததும் தேய்த்த இடத்தில் துத்தநாகம் கலந்த வண்ணம் பூசாவிட்டால் அங்கே முதலில் துருப்பிடிக்கும். மூச்சுத் திணறல் வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். என்ன உலோகத்தைப் பற்றவைத்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.

இதைவிடக் கொடியது காட்மியம் பூச்சு. பழைய விமான, இராணுவ உதிரிப் பாகங்களின் போல்ட்டுகளில் இருக்கலாம். அதன் புகை உயிரைக் குடிக்கக்கூடியது. என்ன பூச்சு என்று தெரியாத போல்ட்டைப் பற்றவைக்கவே வேண்டாம். அதேபோல், எண்ணெய் நீக்கக் குளோரின் கலந்த பிரேக் கிளீனரைப் பயன்படுத்தாதீர்கள். மின்வில்லின் சூடும் புறஊதாக் கதிரும் பட்டால் அதிலிருந்து பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும். அசிட்டோனால் துடைத்து, முழுக்கக் காயவிட்டு, டப்பாவைத் தூரமாக வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

பற்றவைப்புப் புகை எதுவுமே நல்லதில்லை. அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் எல்லாப் பற்றவைப்புப் புகையையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்தது. துருப்பிடிக்காத எஃகின் புகையில் குரோமியத்தின் நச்சு வடிவமும் சேர்ந்து வரும்.

அலுமினியத்தின் இரட்டை வேடம்

அலுமினியம் 660 பாகையில் உருகும். அதன் மேலிருக்கும் ஆக்சைடுத் தோல் உருகுவதற்கு 2,000 பாகைக்கு மேல் வேண்டும். உள்ளே குழம்பு, வெளியே ஓடு. இதைத் தெரியாமல் சூட்டை ஏற்றிக்கொண்டே போனால் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். திடீரென்று மொத்தமும் ஓட்டையாக விழும். சிவந்து எச்சரிக்கவும் செய்யாது.

ஆகவே தோலை முதலில் எடுக்க வேண்டும். அசிட்டோனால் எண்ணெயைத் துடைத்துவிட்டுத்தான் தூரிகை போட வேண்டும். மாற்றிச் செய்தால் எண்ணெயை உலோகத்துக்குள் தேய்த்து ஏற்றியதுதான் மிச்சம். 'டிக்' முறையில் மாறுதிசை மின்னோட்டம் வைப்பதும் இதற்காகவே. மின்னோட்டத்தின் ஒரு பாதி தோலைச் சிதறடிக்கும், மறு பாதி உலோகத்துக்குச் சூடு கொடுக்கும். தேர்வில் அடிக்கடி வரும் 'ஏன் ஏசி?' என்ற கேள்விக்கு இதுதான் விடை. 'மிக்' முறை என்றால் தூய ஆர்கன். இரும்புக்கு வைத்திருந்த கார்பன் டை ஆக்சைடு உருளையை அப்படியே விட்டுவிட்டால் கறுப்புப் புகைக்கரிதான் மிஞ்சும்.

சூடு இதில் மென்னெஃகைவிட மூன்று நான்கு மடங்கு வேகமாக ஓடும். தொடக்கத்தில் உருகவே மாட்டேன் என்கும். பாதி தூரம் போனதும் துண்டு முழுக்கச் சூடேறி, அதே ஆம்பியரில் ஓட்டை விழும். தடிமனில் ஒரு மில்லிமீட்டருக்கு 40 ஆம்பியர் என்று தொடங்கி, போகப்போக வேகத்தைக் கூட்டுங்கள் அல்லது மிதியைத் தளர்த்துங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு. குளிரூட்டிய கிடங்கில் இருந்த நிரப்புக் கம்பியை நேரே வெயில்பட்ட பட்டறைக்குக் கொண்டுவந்தால், குளிர்பானப் போத்தலில் வியர்ப்பது போலக் கம்பியிலும் கண்ணுக்குத் தெரியாமல் வியர்க்கும். உருகிய அலுமினியம் ஹைட்ரஜனை நிறையக் கரைத்துக்கொள்ளும், இறுகும்போது வெளியே தள்ளும். வெளியேற முடியாதது ஊசித் துளைகளாக நின்றுவிடும். கம்பியைப் பட்டறைச் சூட்டுக்கு வரவிட்டு, துடைத்து, அப்புறம் எடுங்கள்.

தோட்டத்துக்காரரின் கம்பை ஒட்டலாமா? ஒட்ட முடியும். ஆனால் இத்தகைய கம்புகள் பெரும்பாலும் வெப்பத்தால் பதப்படுத்தி வலுவூட்டியவை. பற்றவைத்த இடத்தைச் சுற்றி அந்தப் பதம் போய், வலிமை ஏறக்குறைய பாதியாகிவிடும். கோடு நிற்கும், பக்கத்தில் மடங்கும். உள்ளே இறுக்கமாகப் பொருந்தும் ஒரு குழாய்த் துண்டைச் செருகி ரிவெட் அடிப்பதே அந்தக் கம்புக்கு உகந்த வைத்தியம்.

வார்ப்பிரும்பும் செம்பும்

பழைய தையல் இயந்திரத்தின் கால், தண்ணீர்ப் பம்பின் உடல், இயந்திர உறை. கரி 2 முதல் 4 விழுக்காடு. வளையத் தெரியாது, உடையத்தான் தெரியும். ஒரு மூலையில் மட்டும் சூடுபட்டால் அது விரிந்து பிறகு சுருங்கும்போது, இழுத்துக்கொடுக்க முடியாமல் 'டிங்' என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அன்றைய வேலை வீண்.

வழி இரண்டு. முழுத் துண்டையும் 500 பாகைக்கு மேல் சூடாக்கிப் பற்றவைத்து, உலர்ந்த மணலிலோ சாம்பலிலோ புதைத்து மறுநாள் எடுப்பது ஒன்று. சூடே ஏறவிடாமல் செய்வது மற்றொன்று. இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் ஆபத்து. பள்ளிப் பட்டறைக்கு இரண்டாவது வழி சரி. விரிசலின் இரு முனையிலும் சிறு துளை போட்டு அது ஓடாமல் நிறுத்துங்கள். ஊறிப்போன எண்ணெயை எரித்து எடுங்கள். நிக்கல் கம்பியால் ஓர் அங்குலம் மட்டும் கோடு போட்டு, சூடு ஆறும் முன் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். தட்டும்போது கோடு சற்று விரிந்து, சுருங்கும் இழுவையைத் தணிக்கும். கை வைத்துப் பார்த்து, தொட முடிந்த பிறகே அடுத்த அங்குலம், அதுவும் வேறொரு இடத்தில். பொறுமை இல்லாதவருக்கு இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

செம்பில் சூடு மென்னெஃகைவிட எட்டு மடங்கு வேகமாக ஓடுவதால், குளிரூட்டிக் குழாய் வேலைக்காரர்கள் அதை உருக்காமல் வேறு உலோகத்தை உருக்கி ஊற்றி இணைக்கிறார்கள். செம்போடு செம்பு என்றால் பாஸ்பரஸ் கலந்த கம்பி போதும், கழிம்புகூட வேண்டாம். செம்போடு எஃகை இணைக்க அதே கம்பியை எடுத்தால் மூட்டு நொறுங்கும். வெள்ளி கலந்த கம்பியும் கழிம்பும் தேவை. பித்தளையில் துத்தநாகம் இருக்கிறது. வெள்ளைப் புகைக் கதையை மறுபடி படியுங்கள்.

ஒன்றோடு ஒன்று சேராதவை

அரிவாளையும் கம்பையும் சேர்த்து ஒட்டச் சொன்னாரே, அதுதான் மீதி. அலுமினியத்தையும் எஃகையும் சேர்த்து உருக்கினால் இரண்டும் கலந்து, பீங்கான் போல நொறுங்கும் ஒரு சேர்மம் உருவாகும். எந்த ஆம்பியரும் எந்தக் கம்பியும் இதை மாற்றாது. எஃகு உடலும் அலுமினிய மேல்கட்டும் கொண்ட கப்பல்களில் இதற்கென்றே ஒரு பட்டை வைப்பார்கள். வெடிமருந்தின் விசையால் உருகாமலே ஒட்டவைத்த அலுமினிய எஃகு இரட்டைப் பட்டை அது. எஃகுப் பக்கம் எஃகை, அலுமினியப் பக்கம் அலுமினியத்தைப் பற்றவைப்பார்கள். நம் பட்டறையில் அதற்கு வழியில்லை. புதிய அரிவாளுக்குக் கிளிப்புதான் சரி. லூசாகப் போவது போல்ட்டுகளின் குறை. பூட்டு நட்டு போட்டு, கம்புக்கும் கிளிப்புக்கும் நடுவே ரப்பர் வைத்துக் கொடுத்தால் பிடிப்பும் நிற்கும், இரு உலோகமும் மழையில் ஒன்றையொன்று அரிப்பதும் குறையும். ஐந்து ரிங்கிட்கூட ஆகாது.

துருப்பிடிக்காத எஃகையும் மென்னெஃகையும் சேர்ப்பது வேறு. அது முடியும், நன்றாகவே முடியும். தேர்வில் விரும்பிக் கேட்கும் கேள்வியும் அதுதான். மாதிரிக்கு ஒன்று:

துருப்பிடிக்காத எஃகுக் குழாய் ஒன்றை மென்னெஃகு அடித்தட்டுடன் பற்றவைக்க வேண்டும். எந்த நிரப்புக் கம்பியைத் தேர்ந்தெடுப்பீர்? காரணம் கூறுக. (4 புள்ளி)

விடை இப்படி அமையலாம்: "309எல் கம்பி. பற்றவைக்கும்போது மென்னெஃகும் உருகிக் கலப்பதால் குரோமியம், நிக்கல் இரண்டின் விகிதமும் குறைகிறது. 308எல் பயன்படுத்தினால் இக்கலப்பினால் பற்று இறுகி விரிசல் விடக்கூடும். 309எல் கம்பியில் குரோமியம் ஏறக்குறைய 23 விழுக்காடும் நிக்கல் 13 விழுக்காடும் இருப்பதால், மென்னெஃகு கலந்த பின்னும் பற்று இறுகாமல் துருவைத் தாங்கும்."

கம்பியின் பெயருக்கு ஒரு புள்ளிதான். மீதி மூன்றும் 'ஏன்' என்பதற்கு. இதே கேள்வியை, அடித்தட்டு துத்தநாகம் பூசியதாக இருந்தால் என்ன செய்வீர் என்று மாற்றி உங்கள் மாணவர்களுக்குக் கொடுத்துப் பாருங்கள்.